மிச்சம் மீதியோடு கடலுக்குள் இறங்க வேண்டாம்

போன மாதம் வந்த கேள்விகளில் ஒன்றுக்கு நாலு வரியில் பதில் போட முடியவில்லை. ஆகவே இந்த முறை பத்தி முழுக்க அதற்கே.

எழுதியிருப்பவர் மெல்பேர்ணில் இருக்கிற ஒரு வாசகி. வயது 42. மகனுக்கு 12. பள்ளிக்கூட விடுமுறைக்குள் அவன் ஸ்கூபா டைவிங் பழகி முடித்துவிட்டான். இனி அவருடைய வார்த்தையிலேயே: "அம்மா நீங்களும் வாங்கோ எண்டு அவன் கேக்கிறான். எனக்கும் ஆசையாத்தான் கிடக்கு. இவர் யூனி காலத்தில டைவ் பண்ணினவர். அவற்ற பழைய சாமான் எல்லாம் கராஜுக்க கிடக்குது. 'முதல் அதைப் போட்டுப் பழகு, பிடிச்சா பிறகு புதுசு வாங்குவம்' எண்டு சொல்லுறார். கடைக்குப் போனா, முழு செட்டும் ஒரேயடியா எடுத்தா விலை குறைச்சுத் தாறம் எண்டு சொல்லுகினம். நான் ஆற்ற சொல்லைக் கேக்கிறது?"

தங்கச்சி, ரெண்டு பேற்ற சொல்லையும் கேக்க வேண்டாம்.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. எல்லாருக்கும் பரிமாறி முடிந்த பிறகு சட்டியில் மிஞ்சினது அம்மாவுக்கு. மகள் புது போன் வாங்கினால் பழைய போன் அம்மாவுக்கு. இந்த நாடுகளில் பிறந்து வளர்ந்த நாங்களும் இதை எங்கள் அம்மாமாரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டோம். நிலத்தில் இதனால் பெரிய மோசம் ஒன்றும் இல்லை. தண்ணிக்குள் கதை வேறு. அங்கே உங்கள் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் உங்களுக்கு மூச்சு, சூடு, மிதப்பு, பார்வை இந்த நாலில் ஒன்றைத் தருகிறது. அது உங்கள் அளவில் இல்லாவிட்டால் அந்த நாலில் ஒன்று குறைகிறது.

இன்னொன்றும் இருக்கு. மகனுக்கு 12 வயது என்கிறீர்கள். 'பாடி' அமைப்பின் ஜூனியர் சான்றிதழ் வைத்திருக்கிற 12 முதல் 14 வயதுப் பிள்ளைகள், சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவரோடுதான் டைவ் பண்ண வேணும். அதாவது, பழகி முடித்த பிறகு அவனுடைய கூட்டாளி நீங்களாக இருக்கலாம். அவனுக்குக் காற்றுப் போதாமல் வந்தால் கை நீட்டுவது உங்களிடம்தான். தன்னுடைய முகக்கண்ணாடிக்குள் ஏறுகிற தண்ணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற ஒருவரால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கவனிக்க ஏலாது. 'எனக்கு என்னத்துக்கு இவ்வளவு செலவு' என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கோ.

சரி, சாமான்களுக்கு வருவோம். நான் சொல்லுகிற ஒழுங்கே வாங்க வேண்டிய ஒழுங்கும்.

முதலில் மாஸ்க்

புதிதாகப் பழகுகிற ஒருவர் வகுப்புத் தொடங்க முன்னமே சொந்தமாக வாங்க வேண்டிய ஒன்று இருந்தால் அது மாஸ்க்தான். வாடகைக்குக் கிடைக்கிற மாஸ்க் பெரும்பாலும் 'எல்லா முகத்துக்கும்' என்று செய்தது. எங்களில் பலருடைய முகம் சின்னன், மூக்குப் பாலம் பதிவு. அந்த இடத்தால்தான் தண்ணி உள்ளே வரும்.

கடையில் பார்க்கிற முறை இது. பட்டியைத் தலைக்கு மாட்ட வேண்டாம். கண்ணாடியை முன்பக்கம் தள்ளிவிட்டு, முகத்தில் மெல்ல வையுங்கோ. மயிர் ஏதும் விளிம்புக்குள் அகப்படவில்லை என்று பாருங்கோ. மூக்கால் கொஞ்சம் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை எடுங்கோ. மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேணும். பிறகு வாயில் ஒரு ரெகுலேட்டர் வாய்த்துண்டைக் கடித்துக்கொண்டு திரும்பவும் அதையே செய்து பாருங்கோ. வாய் திறக்கும்போது கன்னத்தின் வடிவம் மாறும். கடையில் வெறும் வாயோடு ஒட்டின மாஸ்க், தண்ணிக்குள் ஒழுகுவது இதனால்தான். கடைசியாக, ஒரு தடித்த கையுறை போட்டுக்கொண்டு மூக்கைப் பொத்த முடிகிறதா என்று பாருங்கோ. கீழே போகப்போகக் காது அடைக்கும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதித்தான் அதைத் திறக்க வேணும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேல்மட்டத்தைப் போல இரண்டு மடங்கு. காதுக்கு அதிகம் தெரிவது இந்த முதல் 10 மீட்டர்தான். மெல்பேர்ணில் குளிர்காலத்தில் கையுறை இல்லாமல் இறங்க மாட்டீர்கள். விரல் மூக்குக்கு எட்டாவிட்டால் அந்த மாஸ்க் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம்.

நீச்சல் கண்ணாடி போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. அதில் மூக்கு வெளியே இருக்கும். ஆழத்தில் கண்ணாடிக்குள் இருக்கிற காற்று சுருங்கும்போது மூக்கால் ஊதி ஈடுசெய்ய வழியில்லை. கண்ணைப் பிடித்து இழுக்கும்.

உங்களுடைய வயதில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். 40 தாண்டினால் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும். கீழே போன பிறகு கையில் இருக்கிற அழுத்தமானியில் எத்தனை என்று வாசிக்க முடியாமல் முழிப்பது நல்லதில்லை. பவர் வைத்த கண்ணாடி மாற்றக்கூடிய மாஸ்க் இருக்கு. வாசிப்புக்கு மட்டும் என்றால் கீழ்ப்பக்கம் ஒட்டுகிற சின்ன லென்சும் இருக்கு. வீட்டில் வாசிப்புக் கண்ணாடி தேடுகிற ஆளாக இருந்தால், முதல் நாளே கேட்டு வாங்குங்கோ.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதோடு இறங்கினால் ஒரேயடியாகப் புகார் மூடும். ஜெல் இல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்து இரண்டு மூன்று தரம் கழுவுங்கோ. ஒவ்வொரு முறையும் இறங்க முன் உள்ளே ஒரு துப்பல் துப்பித் தேய்த்து அலசினால் சரி. அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாரும் செய்கிறது அதுதான்.

காலுக்கு

ஃபின்ஸில் இரண்டு வகை. வெறுங்காலில் செருப்பு மாதிரி மாட்டுகிற வகை வெப்பமான கடலுக்கு. குதிப்பக்கம் திறந்து, நியோப்ரீன் பூட்ஸ் போட்டு மாட்டுகிற வகை எங்கள் பக்கத்துக் குளிர் கடலுக்கும், கல்லிலும் படிக்கட்டிலும் நடந்து இறங்குகிற இடங்களுக்கும். ரை, பிளேர்கௌரி இறங்குதுறைகளில் டைவ் பண்ணப்போகிற ஒருவருக்கு இரண்டாவதுதான் வேணும்.

பூட்ஸை முதலில் தெரிவு செய்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டே ஃபின்ஸைப் பாருங்கோ. மாறிச் செய்தால் இரண்டும் பொருந்தாது. கணவருடைய பழைய ஃபின்ஸ் உங்களுக்குப் பெரிது மட்டுமில்லை, கடினமாகவும் இருக்கும். நீண்ட, விறைத்த தகடு பலமான தொடைக்குச் செய்தது. பழக்கமில்லாத காலுக்கு அது கெண்டைக்காலில் பிடிப்பு வர வைக்கும். நடுத்தர நீளம், நடுத்தர வளைவு போதும். பட்டிக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்தது கிடைத்தால் எடுங்கோ. குனிந்து பட்டி இழுக்கிற வேலை மிச்சம்.

வெட்சூட்: வளருவான், மெலிவேன் இரண்டும் வேண்டாம்

தண்ணி உடம்புச் சூட்டைக் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக இழுக்கும். பிற்பகல் வெயிலில் ரீ-சேட்டோடு நிற்கிற அதே 20 பாகை, தண்ணிக்குள் முக்கால் மணித்தியாலத்தில் பல்லைக் கிட்டவைக்கும். குளிர்ந்தவருக்குக் காற்றும் கெதியாக முடியும், கையும் யோசனையும் மந்தமாகும்.

வெட்சூட் வேலை செய்வது இரண்டு வழியில். ஒன்று, நியோப்ரீனுக்குள் இருக்கிற சின்னச்சின்னக் காற்றுக் குமிழிகள். மற்றது, உடம்புக்கும் துணிக்கும் நடுவில் பிடிபட்டு உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிற மெல்லிய தண்ணி. சூட் தொளதொளத்தால் அந்தத் தண்ணி நிற்காது. ஒவ்வொரு அசைவுக்கும் புதுக் குளிர்தண்ணி முதுகால் ஓடும். அதனால்தான் ஆண்களுடைய சூட்டைப் பெண் போடுவது சரிவராது. இடுப்பில் தொளதொளக்கும், நெஞ்சிலும் பின்பக்கத்திலும் இறுக்கும், முதுகின் வளைவில் ஒரு குடம் தண்ணி தேங்கும். பழைய சூட்டில் இன்னொரு குறை: அந்தக் குமிழிகள் வருடக்கணக்கில் அமுங்கி அமுங்கிச் செத்துப்போயிருக்கும். பார்க்கத் தடிப்பாக இருந்தாலும் சூடு தராது.

பெண்களுக்கென்று வெட்டின சூட்டைப் போட்டுப் பாருங்கோ. போடவே 10 நிமிடம் எடுத்தால் பயப்பட வேண்டாம், அப்படித்தான். போட்ட பிறகு பார்க்க வேண்டியவை: முதுகின் கீழ்ப்பகுதியிலும் கக்கத்திலும் வெற்றிடம் இருக்கக்கூடாது. கையை மேலே தூக்கினால் தோள் இழுக்கக்கூடாது. கழுத்து இறுக்கி மூச்சுத் திணறக்கூடாது. கழுத்து இறுக்கம் கடையில் கொஞ்சம் என்றால் கடலில் அதிகமாகத் தோன்றும். ஆழமாக ஒரு மூச்சு இழுங்கோ, நெஞ்சு முழுக்க விரிய வேணும்.

எங்கள் ஆட்களுக்கு உடுப்பு வாங்குவதில் இரண்டு பழக்கம். பிள்ளைக்கு என்றால் 'வளருவான், ஒரு சைஸ் பெரிசா எடு'. தனக்கு என்றால் 'கொஞ்சம் மெலிஞ்ச பிறகு போடலாம், இதையே எடுப்பம்'. வெட்சூட்டுக்கு இரண்டும் ஆகாது. இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு வாங்குங்கோ. மகனுக்கும் அப்படித்தான். அவன் வளருகிற வயதில் இருப்பதால் அவனுடையதை வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி.

தடிப்பு எவ்வளவு? கெய்ர்ன்ஸ் பக்கம் பவளப்பாறைக்குப் போனால் 3 மில்லிமீட்டர் போதும். சிட்னியில் தண்ணி குளிர்கால முடிவில் சுமார் 18 பாகை, கோடை முடிவில் சுமார் 23. இங்கே நான் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் போடுகிறேன், ஆவணி மாதத்தில் தலைக்கும் மூடி போடுவேன். உங்களுடைய போர்ட் பிலிப் குடா குளிர்காலத்தில் இதைவிடப் பல பாகை கீழே போகும். அங்கே 7 மில்லிமீட்டர், தலைமூடி, கையுறை. அங்கே பலர் தண்ணியே உள்ளே வராத டிரைசூட்டுக்கு மாறிவிடுகிறார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேணும், இப்போது அவசரமில்லை.

'மாமி மாமாவோட கடற்கரைக்குப் போய் இதை எப்பிடிப் போடுறது' என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடின உடுப்பு இது. சேலையைவிட அதிகம் மூடும். உள்ளே வழக்கமான நீச்சல் உடையோ, முழுக்கை ராஷ் சேட்டும் லெகிங்ஸுமோ, உங்களுக்கு எது சரியோ அதைப் போடுங்கோ. கார் தரிப்பிடத்தில் உடுப்பு மாற்றத் தலையோடு போடுகிற பெரிய துவாய் அங்கி ஒன்று வாங்கிவிட்டால் கதை முடிந்தது.

பி.சி.டி.: கராஜுக்குள் இருப்பதைத் தொட வேண்டாம்

பி.சி.டி. என்பது காற்று ஊதுகிற மேலங்கி. சிலிண்டரைச் சுமப்பதும் அதுதான், மிதப்பைக் கூட்டிக் குறைப்பதும் அதுதான். கணவருடைய பழைய சாமான்களில் நான் ஆகவும் பயப்படுவது இதற்குத்தான்.

பெரிய பி.சி.டி.யைச் சின்ன உடம்பு போட்டுக்கொண்டு மேல்மட்டத்தில் ஊதினால், அங்கி மட்டும் மேலே எழும்பிக் காதை மூடும். ஆள் அதற்குள் தொங்கிக்கொண்டிருப்பார். அலை அடிக்கும்போது வாய் தண்ணி மட்டத்தில் இருக்கும். கீழே போனால் சிலிண்டர் முதுகில் ஒரு பக்கம் சரியும். எடைப் பைகள் கை எட்டாத இடத்துக்குப் போய்விடும். இவ்வளவும் உங்களுடைய பயிற்சிக் குறை என்று நீங்கள் நினைப்பீர்கள். 'எனக்கு இது சரிவராது' என்று மூன்றாவது டைவோடு நிறுத்திவிடுவீர்கள். இப்படி நிறுத்தின பெண்கள் எனக்குத் தெரிய நாலைந்து பேர். ஒருவருக்கும் கடல் பிடிக்காமல் போகவில்லை.

பெண்களுக்கான பி.சி.டி.யில் முதுகு நீளம் குறைவு. தோள்பட்டிகள் நெஞ்சின் மேலால் அழுத்தாமல் பக்கத்தால் வளைந்து போகும். இடுப்புப்பட்டி வளைவுக்கு ஏற்றபடி பிடிக்கும். ஆனால் 'பெண்களுக்கானது' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. சில கடைகளில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ரோஸ் கலர்ப் பட்டி, அவ்வளவுதான். சிவப்புத்தான் தண்ணிக்குள் முதலில் மறைகிற நிறம். 10 மீட்டருக்குக் கீழே அந்த ரோஸ், சாம்பல் மாதிரித்தான் தெரியும். நிறத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கடையில் வெட்சூட்டுக்கு மேலே போடுங்கோ. சிலிண்டர் ஒன்றைப் பூட்டித் தரச் சொல்லுங்கோ. பட்டிகளை இறுக்கிவிட்டு முழுக்க ஊதுங்கோ. அப்போதும் மூச்சு முழுதாக விட முடிய வேணும். யாரையாவது தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கோ. ஒரு கைப்பிடி அளவுக்கு மேல் எழும்பினால் பெரிது. கண்ணை மூடிக்கொண்டு காற்று ஊதுகிற பொத்தான், காற்று விடுகிற பொத்தான், எடைப் பையின் கைப்பிடி மூன்றையும் கையால் தேடிப் பிடியுங்கோ. தேட வேண்டியிருந்தால் வேறொன்றைப் பாருங்கோ. உடம்புக்கு எந்த அங்கியும் சரிவராதவர்களுக்கு உலோகத் தகடும் பட்டிகளும் தனியாகக் காற்றுப் பையும் வைத்த வகை இருக்கிறது. பட்டியைத் தேவையான நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

இதை இப்போதே வாங்க வேண்டாம். வகுப்பிலும் முதல் 10, 15 டைவிலும் வாடகைக்கு எடுத்து, வேறு வேறு வகை போட்டுப் பாருங்கோ. 'எக்ஸ்.எஸ். இருக்கோ, பெண்களுக்கானது இருக்கோ' என்று முதல் நாளே போன் அடித்துக் கேளுங்கோ. இல்லையென்றால் வேறு பயிற்சி நிலையம் பாருங்கோ. அது அதிகம் கேட்பது இல்லை.

எடை

இது விற்பனைச் சாமான் மாதிரியே இல்லை, ஆனால் உயிரைக் காப்பது இதுதான். நியோப்ரீன் மிதக்கும். அதை அமிழ்த்த ஈயக் கட்டிகள். புதியவர்களுக்கு 'கெதியாக அமிழட்டும்' என்று கூடப் போட்டுவிடுகிற பழக்கம் உண்டு. கூடின எடையால் நீங்கள் எந்நேரமும் பி.சி.டி.யை ஊதிக்கொண்டிருப்பீர்கள், காற்று வீணாகும், மேலே வரும்போது கட்டுப்பாடு போகும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்கிற முறை: எல்லாச் சாமானும் போட்டுக்கொண்டு, ஆழமில்லாத தண்ணியில், பி.சி.டி. காற்றை முழுக்க விட்டுவிட்டு, சாதாரண மூச்சைப் பிடித்தபடி அசையாமல் நில்லுங்கோ. தண்ணி கண் மட்டத்தில் நிற்க வேணும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேணும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்த்தால் சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கோ, ஏனென்றால் காற்று முடியமுடிய சிலிண்டர் இலேசாகும். நீச்சல் குளத்தில் பார்த்த கணக்கு கடலுக்குச் சரிவராது. உப்புத்தண்ணி கூட மிதக்க வைக்கும், இன்னும் 2, 3 கிலோ வேணும். கணக்கைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுங்கோ: எந்த சூட், எந்த சிலிண்டர், எத்தனை கிலோ.

டைவிங் விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விஷயம், இறந்தவருடைய எடை கழற்றப்படாமலே இருந்தது என்பது. மேலே வந்து மிதக்க முடியாமல் தவிக்கும்போது முதல் செய்ய வேண்டியது எடையைக் கழற்றி விடுவது. ஈயம் போனால் போகட்டும். வாடகைக்கு எடுத்ததைத் தொலைத்தால் காசு கேட்பார்களே என்று யோசிக்கிற ஆட்கள் நாங்கள். யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு டைவிலும் இறங்க முன், அந்தக் கைப்பிடியை ஒரு தரம் தொட்டுப் பாருங்கோ.

சிலிண்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாக வாங்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் வருடா வருடம் சோதனை செய்து முத்திரை குத்தாமல் காற்று நிரப்ப மாட்டார்கள். வாடகைக்கு எடுக்கும்போது 'சின்னதாக ஒன்று இருக்கோ' என்று கேளுங்கோ. சின்ன உடம்பு பெரும்பாலும் குறைவாகத்தான் காற்று எடுக்கும். எல்லாமாகச் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் முதுகில் ஏறும். தூக்க முடியவில்லை என்றால் சாமானைத் தண்ணிக்குள் வைத்துப் போடலாம், கேட்டால் உதவுவார்கள். இது வெட்கப்படுகிற விஷயமில்லை.

ரெகுலேட்டரும் கம்ப்யூட்டரும்

ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றை நீங்கள் மூச்சு விடுகிற அழுத்தத்துக்குக் குறைத்து வாய்க்குத் தருகிற கருவி. இதில் ஆண் பெண் வித்தியாசம் ஒன்றே ஒன்று: வாய்த்துண்டு. பெரிய வாய்த்துண்டைக் கடித்துக்கொண்டிருந்தால் தாடை நோகும், சிலருக்குத் தலையிடி வரும். சின்ன வாய்த்துண்டு சில டாலர்தான். வாடகை ரெகுலேட்டரிலும் அதை மாற்றித் தரச் சொல்லலாம்.

கணவருடைய பழைய ரெகுலேட்டரை என்ன செய்வது? உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்களும் சவ்வுகளும் சும்மா கிடந்தாலே விறைக்கும். அந்தக் கம்பனியின் பாகங்கள் இன்னும் கிடைக்குமென்றால் தொழில்நுட்பவியலாளரிடம் கொடுத்துச் சர்வீஸ் செய்யலாம். செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கோ. சர்வீஸ் செய்யாமல் குளத்தில்கூட வேண்டாம்.

டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்த்து, எவ்வளவு நேரம் கீழே நிற்கலாம், எவ்வளவு வேகமாக மேலே வரலாம் என்று சொல்லும். இதைக் கூட்டாளியோடு பங்கு போட ஏலாது, ஆளுக்கு ஒன்று வேணும். வசதிகள் நிறைந்தது வேண்டாம். பெரிய எழுத்து, தடித்த வெட்சூட்டுக்கு மேலாகவும் கட்டக்கூடிய நீளப் பட்டி, கையுறையோடு அழுத்தக்கூடிய பொத்தான் இந்த மூன்றும் இருந்தால் போதும். இரண்டாவது கையாக வாங்கக்கூடியது என்று நான் சொல்லுவது ஃபின்ஸும் எடைகளும் மட்டும்தான்.

மயிர், மூக்குத்தி, தாலிக்கொடி

கையேடுகளில் இல்லாதது, ஆனால் எங்கள் பெண்கள் எல்லாரும் தனியாகக் கேட்கிறது.

நீட்டு மயிரைப் பிடரிக்குக் கீழே தாழ்வாகப் பின்னுங்கோ. உச்சியில் கொண்டை வைத்தால் மாஸ்க் பட்டி நிற்காது. நெற்றியில் விழுகிற ஒற்றை மயிரே தண்ணியை உள்ளே விடும். ரப்பர்ப் பட்டி மயிரைப் பிய்க்காமல் இருக்கத் துணி உறை கிடைக்கும். டைவ் நாளில் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் வேண்டாம், மாஸ்க் வழுக்கும்.

சின்ன மூக்குத்தி பரவாயில்லை. மூக்கைப் பொத்தும்போது குத்துகிறதென்றால் கழற்றுங்கோ. வளையல், தொங்கட்டான், மோதிரம் வீட்டில். குளிரில் விரல் சுருங்கி மோதிரம் கழன்று போகும். தாலிக்கொடியைக் கழற்றுவதா என்பது உங்கள் முடிவு. நான் சொல்லுவது ஒன்றுதான்: அதைப் படகில் நின்று யோசிக்க வேண்டாம், வீட்டில் முடிவெடுங்கோ. தடித்த கொடி பி.சி.டி. பட்டிக்குக் கீழே நெஞ்செலும்பில் அழுத்தும், வெளியே கிடந்தால் குழாயிலும் கொளுக்கியிலும் மாட்டும். போடத்தான் வேணும் என்றால் மெல்லிய சங்கிலியில் மாற்றி, சூட்டுக்குள்ளே விடுங்கோ.

மாதவிடாய் நாட்களில் டைவ் பண்ண மருத்துவத் தடை இல்லை. உடம்பு ஏலுமென்றால் போகலாம். கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், இறங்கவே கூடாது. ஆஸ்துமா, பிரஷர், அண்மையில் நடந்த சத்திரசிகிச்சை எதையும் மருத்துவப் படிவத்தில் மறைக்க வேண்டாம்.

'இந்த வயதிலா' என்று கேட்பவர்களுக்கு

தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்ற பெண்கள் சிலிண்டர் இல்லாமல் மூச்சைப் பிடித்து முங்கிக் கடலுணவு எடுக்கிறார்கள். பலருக்கு வயது 60க்கு மேல். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரபைப் பட்டியலில் சேர்த்தது. ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்தில் எங்கள் மொழி பேசுகிற பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த சாமான் அவ்வளவுதான். 1970இல் சில்வியா ஏர்ல் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவை வழிநடத்தி, கடலுக்கடியில் அமைத்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு கிழமை தங்கினார். பெண்ணுடைய உடம்புக்குக் கடல் சரிவராமல் இருந்ததே இல்லை. சாமான்தான் கனகாலம் ஆண்களுடைய அளவில் வந்தது.

நீச்சல்? 'பாடி' வகுப்பில் நிறுத்தாமல் 200 மீட்டர் நீந்த வேணும், நேரக் கட்டுப்பாடு இல்லை. மாஸ்க், ஸ்நோர்கல், ஃபின்ஸ் போட்டால் 300 மீட்டர். 10 நிமிடம் மிதக்கவும் வேணும். இதற்குப் பயம் என்றால், சாமான் வாங்குகிற காசில் ஒரு பகுதியை முதலில் நீச்சல் வகுப்புக்குப் போடுங்கோ.

ஆக, கணக்கு இதுதான். வகுப்புக்கு முன்: மாஸ்க், ஸ்நோர்கல், பூட்ஸ், ஃபின்ஸ். நாலும் சேர்த்துச் சில நூறு டாலருக்குள் முடியும். வகுப்பு முடிந்து நாலைந்து டைவுக்குப் பிறகும் ஆசை இருந்தால்: வெட்சூட். அதன் பிறகு: கம்ப்யூட்டர். பி.சி.டி.யும் ரெகுலேட்டரும் 10, 15 டைவுக்குப் பிறகு, என்ன வேணும் என்று உங்களுக்கே தெரிந்த பிறகு. கடைக்காரருடைய கழிவு அப்போதும் இருக்கும். கணவரிடம் சொல்லுங்கோ, கராஜுக்குள் இருப்பதை அவரே சர்வீஸ் செய்து போட்டுக்கொண்டு கூட வரட்டும்.

இறங்க முன் ஒன்று. கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் சரிபார்க்கிற பழக்கம் வகுப்பில் சொல்லித் தருவார்கள்: பி.சி.டி., எடை, கொளுக்கிகள், காற்று, கடைசியாக ஒரு முழுப் பார்வை. மகன் உங்களைச் சரிபார்க்கும்போது 'அம்மாவுக்கு எல்லாம் சரி, வா போவம்' என்று அவசரப்படுத்த வேண்டாம். அவன் ஒவ்வொரு பட்டியாக இழுத்துப் பார்க்கும் வரைக்கும் பொறுமையாக நில்லுங்கோ.